ஜோர்டான் ஏன் பேசவில்லை என்று கேட்பவர்களுக்கு கிரெய்க் ஹாட்ஜஸைத் தெரியுமா?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்காவின் கறுப்பின விளையாட்டு வீரர்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி இனவெறிக்கு எதிராகப் பேசினார், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் வாயைத் திறக்கவில்லை. எனவே முன்னவர் வீரர், பின்னவர் வியாபாரி. போன வாரம் இன்னோர் இழையிலும் இதே தீர்ப்புதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஜோர்டான் மீதான குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1990-இல் அவர் வளர்ந்த வட கரோலினாவில் செனட் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். மார்ட்டின் லூதர் கிங் பெயரில் தேசிய விடுமுறை வரக்கூடாது என்று செனட்டில் மல்லுக்கட்டியவர். எதிர்த்து நின்றவர் ஹார்வி காண்ட், சார்லட் நகரின் முதல் கறுப்பின மேயர். போட்டி நெருங்கியதும் ஹெல்ம்ஸ் தரப்பு ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை ஒளிபரப்பியது. திரையில் இரண்டு வெள்ளைக் கைகள் மட்டும் தெரியும். அவை ஒரு கடிதத்தைப் பிரித்து, பிறகு கசக்கும். தகுதி உங்களுக்குத்தான் இருந்தது, ஆனால் ஒதுக்கீடு என்று சொல்லி வேலையைச் சிறுபான்மையினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லும். ஹெல்ம்ஸ் வென்றார்.

காண்டுக்காகப் பொதுவெளியில் பேச ஜோர்டான் மறுத்துவிட்டார். ஜோர்டான் பெயரில் காலணிகள் விற்றுக்கொண்டிருந்தன. குடியரசுக் கட்சிக்காரர்களும் காலணி வாங்குகிறார்கள் என்று அவர் சொன்ன வாக்கியம் முப்பது ஆண்டுகளாக அவரைத் துரத்துகிறது. அணிப் பேருந்தில் சக வீரர்களிடம் விளையாட்டாகச் சொன்னது அது என்றும், காண்டுக்குப் பணம் அனுப்பியதாகவும் 2020-இல் அவரே சொன்னார்.

ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸ் அணியில் கிரெய்க் ஹாட்ஜஸும் இருந்தார். மூன்று புள்ளி எறிதல் போட்டியில் 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1991 இறுதிச் சுற்றின்போது, ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் அடித்த காட்சியை நாடே பார்த்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதல் ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்று ஜோர்டானிடமும் எதிரணியின் மேஜிக் ஜான்சனிடமும் கேட்டதாகவும், இருவரும் மறுத்துவிட்டதாகவும் ஹாட்ஜஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோப்பையை வென்ற சிகாகோ புல்ஸ் அணி அக்டோபரில் வெள்ளை மாளிகைக்குப் போனது. ஜோர்டான் போகவில்லை. ஹாட்ஜஸ் ஆப்பிரிக்கப் பாணி மேலாடையான டஷிகியை வெள்ளை நிறத்தில் அணிந்து போனார். அதிபர் புஷ்ஷுக்குத் தன் கைப்பட எழுதிய கடிதத்தை அங்கே ஒப்படைத்தார். அந்த மாளிகைக்குள் கால்வைக்க வழியில்லாத ஏழைகளுக்காக, வீடற்றவர்களுக்காக, பூர்வகுடிகளுக்காக, தன் இனத்தவருக்காக எழுதிய கடிதம் அது.

1992-இல் அணி மீண்டும் கோப்பையை வென்றது. அந்தக் கோடையில் ஹாட்ஜஸை விடுவித்தார்கள். வேறு எந்த அணியும் அவரை அழைக்கவில்லை. ஒருவர்கூட விசாரிக்காதது தனக்கு விசித்திரமாகப் பட்டது என்று அவருடைய பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனே சொன்னார். 1993-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த எறிதல் போட்டிக்கு நடப்பு வெற்றியாளர் என்ற முறையில் ஹாட்ஜஸ் வந்தார். அவருக்கு அணி இல்லை என்பதால் சட்டையில் அணியின் பெயரும் இல்லை; அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் முத்திரை மட்டும் போட்ட பொதுவான சட்டையை அணிந்துகொண்டு எறிந்தார். அதன்பின் அந்த லீக்கில் அவர் ஆடவே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். புகழின் உச்சியில் இருப்பவர் பேசினாரா, பேசவில்லையா என்பதை மட்டுமே வைத்து இந்த வரலாற்றை எழுதினால், உண்மையில் விலை கொடுத்தவர்கள் கணக்கில் வராமலே போகிறார்கள். ஜோர்டான் பேசியிருந்தால் சில காலணிகள் விற்காமல் போயிருக்கும். ஹாட்ஜஸுக்குப் போனது பிழைப்பு.

வேங்கை:

நண்பர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1992-இல் ஹாட்ஜஸுக்கு வயது 32. ஆடுகளத்தில் அவர் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, தற்காப்பு ஆட்டம் பலவீனம். போதாக்குறைக்கு, ரோட்னி கிங்கை அடித்த போலீசாரை நீதிமன்றம் விடுவித்ததும் வெடித்த லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்துக்குப் பிறகு ஜோர்டான் மௌனமாக இருந்ததைப் பத்திரிகையிலேயே கண்டித்தார். அணியின் பெரிய நட்சத்திரத்தை வெளியே விமர்சிக்கும் மாற்று ஆட்டக்காரரை எந்த அணி வைத்துக்கொள்ளும்?

அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்நிக் விஷயமும் இப்படித்தான். 2016-இல் அவர் முதல் வரிசையில் இறங்கிய பதினொரு ஆட்டங்களில் அணி வென்றது ஒன்றே ஒன்று. இனவெறிக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது அவர் மண்டியிட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அணியில் இடம் கிடைக்காததற்கு எல்லாம் அதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அணி என்பது வணிகம். திறமை, வயது, சம்பளம், தலைவலி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

பழைய ஆட்டக்காரர்:

வேங்கை தம்பி, நான் ஒரு நிறுவன அணிக்குக் கூடைப்பந்து ஆடியவன். பெரும்பாலும் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவன். அதனால் நீங்கள் சொல்லும் கூட்டல் கழித்தல் எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் ஐந்து பேரில் ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் காரணம் சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது, பத்தாவது ஆளுக்குக் காரணமே தேவையில்லை. வயது, முழங்கால், தற்காப்பு, எதையாவது சொல்லிக்கொள்ளலாம். யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அவரைத் தண்டித்தார்கள் என்பதை நிரூபிக்கவே முடியாது.

நீங்கள் கேட்கும் தகுதி முழுக்க இருந்த ஒருவரைச் சொல்கிறேன். மஹ்மூத் அப்துல் ரவூஃப், டென்வர் அணி. மிசிசிப்பி மாநிலம் கல்ஃப்போர்ட்டில் கிறிஸ் ஜாக்சனாகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். 1995–96 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 19 புள்ளிகளுக்கு மேல். தண்டனை எறிதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக ஒரு பருவம் முழுவதும் போட்டவர். உடல் தன்னை மீறித் துடிக்கும் டூரெட் என்ற நரம்புக் குறைபாட்டோடு இதைச் செய்தார் என்பதைக் கூடைப்பந்து ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வியந்து போவார்கள்.

அந்தப் பருவத்தில் அவர் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்பதை விட்டுவிட்டார். பல மாதங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. செய்தி வெளியானதும் 1996 மார்ச்சில் லீக் அவரை இடைநீக்கம் செய்தது. ஓர் ஆட்டத்தோடு சமரசம் ஆகிவிட்டது. நிற்பார், ஆனால் தலை குனிந்து பிரார்த்தனை செய்வார் என்று. அந்தக் கோடையிலேயே டென்வர் அவரை சாக்ரமென்டோவுக்கு மாற்றிவிட்டது. அங்கே ஆடும் நேரம் சுருங்கியது. 29 வயதில் லீக்கில் இடம் இல்லாமல் துருக்கிக்கு ஆடப் போனார். பிறகு வான்கூவர் அணியில் ஒரு குறுகிய பருவம், அவ்வளவுதான். 2001-இல் மிசிசிப்பியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு தீயில் அழிந்தது.

அல்லி:

இளவேனில் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் உங்கள் எல்லோருடைய வாதத்துக்கும் அடியில் ஒரு எண்ணம் கேள்வி கேட்கப்படாமல் இருக்கிறது: கறுப்பின வீரர் என்றால் பேசியே ஆக வேண்டும், பேசாவிட்டால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 1991-இல் ரோட்னி கிங்கைப் பற்றி வெள்ளை இன நட்சத்திரங்கள் எத்தனை பேரிடம் நிருபர்கள் கருத்துக் கேட்டார்கள்? அடித்தவர்கள் அவர்களுடைய இனம், ஆனால் பதில் சொல்லும் கடமை மட்டும் இவர்களுக்கு.

இந்தச் சுமை ஜோர்டானோடு தொடங்கவில்லை. ஜாக் ஜான்சன் 1908-இல் சிட்னியில் உலகக் கனரகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றார். தங்கப் பல்லைக் காட்டிச் சிரித்தார், வேகமான கார்களில் சுற்றினார், வெள்ளையினப் பெண்களை மணந்தார். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் ஜிம் ஜெஃப்ரீஸை அவர் தோற்கடித்த இரவில் பல நகரங்களில் கறுப்பின மக்களைத் தாக்கினார்கள், உயிர்கள் போயின. 1913-இல் ஜான்சன் மீதே குற்றம் சுமத்தித் தண்டித்தார்கள். பெண்ணை மாநில எல்லை தாண்டி அழைத்துச் சென்றார் என்பதுதான் குற்றம். அந்தத் தண்டனைக்கு அதிபரின் மன்னிப்பு வந்தது 2018-இல். அவர் இறந்தது 1946-இல்.

இப்போது அடுத்தவரைப் பாருங்கள். ஜோ லூயிஸ் 1934-இல் தொழில்முறைக்கு வந்தபோது அவருடைய மேலாளர்கள் விதிகள் வகுத்தார்கள். அவர்களும் கறுப்பினத்தவரே. வெள்ளையினப் பெண்ணோடு புகைப்படத்தில் நிற்கக் கூடாது. விழுந்த எதிராளியைப் பார்த்துக் களிக்கக் கூடாது. ஜான்சனின் நிழல் இந்தப் பிள்ளை மீது விழுந்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். லூயிஸ் அப்படியே நடந்தார். 1938-இல் ஜெர்மனியின் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தி அமெரிக்கா முழுமைக்கும் நாயகன் ஆனார். 1942-இல் ஒரு சண்டையின் வருமானத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அப்போது அந்தக் கடற்படை கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் உணவுக்கூடப் பணிக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்குப் பிறகும் வருமான வரித் துறை அவரை ஆண்டுக்கணக்கில் விரட்டியது. கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலையில் இருந்தார்.

சொன்னபடி நடந்தவருக்கும் இதுதான், நடக்காதவருக்கும் அதுதான். பிறகு எந்த நியாயத்தில் ஜோர்டானை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? அவருக்கு இனவெறி தெரியாமல் இல்லை. 1977-இல் பள்ளியில் தன்னை இழிசொல்லால் அழைத்த மாணவி மீது சோடாவை வீசி இடைநீக்கம் ஆனவர் அவர். ஒரு கறுப்பினத்தவர் தன் முழு ஆற்றலையும் ஆட்டத்தில் மட்டும் செலுத்துவேன் என்று முடிவெடுத்தால், அந்த உரிமை அவருக்கு இல்லையா?

சிகாகோவாசி:

அல்லி அம்மா சொல்லும் உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இனத்தைக் கடந்துவிட்டேன் என்று ஒதுங்கி நிற்க இவர்களை விடுகிறார்களா? அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் தொடங்கிய கார் வாடகை விளம்பரங்களில் விமான நிலையத்துக்குள் கோட்டு சூட்டோடு ஓடுவார். ஓடு, ஓடு என்று உற்சாகப்படுத்தி அவரைச் சுற்றி நிற்பவர்கள் வெள்ளையர்கள். வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். தன்னைக் கறுப்பினத்தவராகப் பார்க்காமல் தானாகவே பார்க்க வேண்டும் என்று அவரும் விரும்பினார். 1994 ஜூனில் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் இதழ்கள் இரண்டும் அட்டையில் போட்டன. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. டைம் அட்டையில் மட்டும் முகத்தை இருட்டாக்கியிருந்தார்கள்.

கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் கதை இன்னும் நுட்பமானது. தாய் தாய்லாந்தைச் சேர்ந்தவர். தந்தை வழியில் கறுப்பினம் உட்படப் பல கலப்புகள். 1997-இல் இருபத்தொரு வயதில் அகஸ்டா கோல்ஃப் மன்றத்தில் பன்னிரண்டு பந்தடிகள் (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அந்த மன்றம் தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்ததே 1990-இல்தான். வென்ற அந்த வாரத்திலேயே ஃபஸி ஸோலர் என்ற மூத்த வீரர், அடுத்த ஆண்டு விருந்தில் பொரித்த கோழி போட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கேமரா முன்னால் கேலி பேசினார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய கேலி அது. ஓரிரு வாரங்களில் டைகர் தொலைக்காட்சியில் தோன்றி, தன்னைக் கறுப்பினத்தவர் என்று மட்டும் அழைப்பது தனக்கு உறுத்துகிறது என்ற பொருளில் பேசினார். தங்களை அவர் கைவிட்டுவிட்டதாகக் கறுப்பின மக்களில் பலர் மனம் நொந்தார்கள். இருபத்தொரு வயதுப் பையன் இரண்டு பக்கமும் அடி வாங்கினான். எனக்கு அவர் மேல் அன்று வந்த பரிவு இன்றும் குறையவில்லை.

இன்னொன்று. ஜோர்டான் கடைசிவரை பேசவே இல்லை என்பது தவறு. 2016 ஜூலையில், போலீஸ் சுட்டுக் கறுப்பினத்தவர் இறந்ததையும் போலீசார் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்து அறிக்கை விட்டார். தன் தந்தையைக் கொலையில் பறிகொடுத்த மகனாகப் பேசுவதாக அதில் சொன்னார். இரண்டு அமைப்புகளுக்குத் தலா பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 2020-இல் பத்து ஆண்டுகளில் பத்துக் கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

கயல்விழி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு வீராங்கனையின் பெயர்கூட இன்னும் வரவில்லை.

கேப்பர்நிக் உட்கார்ந்திருந்ததைச் செய்தியாளர்கள் கவனித்தது 2016 ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முன்பே, ஜூலை 9 அன்று, பெண்கள் கூடைப்பந்து லீக்கின் மின்னசோட்டா லிங்ஸ் அணிப் பெண்கள் கறுப்புச் சட்டை அணிந்து பயிற்சிக்கு வந்தார்கள். மாற்றம் நம்மிடமிருந்து தொடங்குகிறது என்று முன்புறம் எழுதியிருந்தது. பின்புறம் போலீஸ் சுட்டு இறந்த ஃபிலாண்டோ காஸ்டில், ஆல்டன் ஸ்டெர்லிங் பெயர்கள். அதற்குக் கீழே டல்லாஸ் போலீசின் சின்னம். அந்த வாரம்தான் அங்கே ஐந்து போலீசார் கொல்லப்பட்டிருந்தார்கள். இரு பக்கத்துத் துயரத்தையும் ஒரே சட்டையில் போட்டார்கள். அப்படியும் அரங்கப் பாதுகாப்புக்கு வந்திருந்த பணிநேரம் அல்லாத போலீசார் நால்வர் வேலையை விட்டுவிட்டு வெளியே போனார்கள். லீக் வேறு மூன்று அணிகளுக்கும் வீராங்கனைகளுக்கும் அபராதம் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் ரத்து செய்தது.

இந்தப் பெண்கள் அப்போது வாங்கிய சம்பளம் ஆண்கள் லீக்கில் கடைசி ஆள் வாங்கியதில் ஒரு சிறு பங்கு. பலர் வெளிநாட்டில் போய் ஆடித்தான் குடும்பம் நடத்தினார்கள். இளவேனில் ஐயா, விலை கொடுத்தவர்களைக் கணக்கில் எடுங்கள் என்று சொல்லும் நீங்களே இவர்களை விடலாமா?

லிங்ஸ் அணியின் மாயா மூர் நான்கு முறை கோப்பை வென்றவர், உலகின் தலைசிறந்த வீராங்கனைகளில் ஒருவர். 2019-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, செய்யாத குற்றத்துக்காக மிசௌரி சிறையில் இருந்த ஜோனதன் அயர்ன்ஸை மீட்கப் போராடினார். 2020 ஜூலையில் அயர்ன்ஸ் வெளியே வந்தார். மூர் திரும்பி வந்து ஆடவே இல்லை. ஆட்ட வாழ்வின் நல்ல ஆண்டுகளை மனிதர் ஒருவரின் விடுதலைக்காகக் கொடுத்தவர் அவர்.

அதே லீக்கின் அட்லாண்டா ட்ரீம் அணியின் இணை உரிமையாளர் கெல்லி லோஃப்லர் செனட்டராகவும் இருந்தார். 2020-இல் கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தோடு லீக் சேர்ந்து நிற்பதை அவர் எதிர்த்தார். அவருடைய அணிப் பெண்களே அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்ற சட்டையோடு ஆட வந்தார்கள். முதலாளிக்கு எதிராக! 2021 ஜனவரியில் வார்னாக் வென்றார். அடுத்த மாதம் அணி கைமாறியது. வாங்கியவர்களில் அந்த அணியின் முன்னாள் வீராங்கனை ரெனே மான்ட்கோமரியும் ஒருவர்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துப் பதக்க மேடையில் கறுப்புக் கையுறையோடு கை உயர்த்தியது எல்லோருக்கும் தெரியும். அதே போட்டியில் வையோமியா டையஸ் நூறு மீட்டர் தங்கத்தை அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்கில் வென்ற முதல் மனிதர் ஆனார். தொடரோட்டத்தில் வென்ற தங்கத்தை அதற்காக வெளியேற்றப்பட்ட அந்த இருவருக்கும் அர்ப்பணித்தார். அவரைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டியவர்கள் எத்தனை பேர்?

இளவேனில்:

கயல்விழி சொன்ன ட்ரீம் அணிக் கதையில்தான் என் கேள்விக்கு விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் அனைவரும் சேர்ந்து அணிந்தார்கள். எல்லோரையும் நீக்கினால் அணியே இருக்காது.

ஹாட்ஜஸ் கேட்டது 2020-இல் நடந்தது. ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் அணி உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரவில்லை. கெனோஷாவில் ஜேக்கப் பிளேக்கைப் போலீஸ் சுட்டதற்கு எதிர்ப்பு அது. இறுதிக்கட்டச் சுற்று ஆட்டம். லீக் மொத்தமும் நின்றது. அணியின் முதல் நட்சத்திரத்திலிருந்து கடைசி மாற்று ஆள்வரை ஒரே அறைக்குள் இருந்தார்கள், யாரையும் தனியே பிரித்து எடுக்க முடியவில்லை. அதற்காக ஒருவர் பிழைப்பும் போகவில்லை.

அல்லி அவர்களுக்கு என் பதிலும் இதுதான். ஜோர்டான் மேடையேறி முழங்கியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடமை வெள்ளையருக்கு இல்லாமல் அவருக்கு மட்டும் ஏன் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் பேசிய சக ஆட்டக்காரர் வெளியே தனியாக நிற்கும்போது அவர் பக்கத்தில் போய் நிற்பது இனக் கடமை அல்ல, தொழிலாளி தொழிலாளிக்குச் செய்வது. அதைச் செய்யக்கூடிய செல்வாக்கு அந்த அணியில் ஒருவருக்குத்தான் இருந்தது.

அலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்தபோது பட்டத்தைப் பிடுங்கினார்கள், ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று அதை ரத்து செய்யும்வரை தலைக்குமேல் தொங்கியது. பெயரை மாற்றி ஆண்டுகள் கடந்தும் பல பத்திரிகைகள் கிளே என்ற பழைய பெயரிலேயே எழுதின. நாடு முழுவதும் அவரைக் கொண்டாடியது 1996-இல், அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் தீபம் ஏற்றியபோது. அப்போது பார்க்கின்சன் நோய் அவர் பேச்சை ஏறக்குறைய எடுத்துக்கொண்டிருந்தது. பேசிய அலியை எத்தனை பேர் விரும்பினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஜோர்டானோடு ஒப்பிட வேண்டும்.

வேங்கை:

அப்துல் ரவூஃப் விஷயத்தில் பழைய ஆட்டக்காரர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். 29 வயதில் அப்படிப்பட்ட ஆட்டக்காரருக்கு இடமில்லை என்பதற்கு ஆட்டக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹாட்ஜஸ் விஷயத்தில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று 2018-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் சொன்னபோது, மூடமாட்டேன் என்று நின்றவர் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். அது சரி. ஆனால் 2019-இல் ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்து ஹூஸ்டன் அணி மேலாளர் ஒரு வரி எழுதியதும், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று சொன்னவரும் அதே லெப்ரான். சீனச் சந்தை என்றதும் குரல் மாறிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அல்லி:

தவறு என்றுதான் சொல்கிறேன். கண்டியுங்கள். ஆனால் அந்த லீக்கின் முதலாளிகள் சீனாவில் வைத்திருக்கும் வணிகத்தையும் அதே மூச்சில் கேளுங்கள். அவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டுபவர் யாருமில்லை.

வேங்கை:

நியாயம். ஹாட்ஜஸ் வழக்குப் போட்டதாகப் படித்தேன். அது என்ன ஆனது என்று யாருக்காவது தெரியுமா?

நூலகர்:

1996-இல் போட்டார். அணிகள் கூட்டுச் சேர்ந்து தன்னை ஒதுக்கியதாகக் குற்றம் சாட்டினார். காலவரம்பு கடந்துவிட்டது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அணிகள் ஏன் அழைக்கவில்லை என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை. கேப்பர்நிக் புகாரும் 2019 பிப்ரவரியில் ரகசிய உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே இரண்டிலும் உங்கள் சந்தேகத்தைத் தீர்க்கவோ உறுதிப்படுத்தவோ ஆவணம் பொதுவெளியில் இல்லை. ஹாட்ஜஸ் பிறகு ஃபில் ஜாக்சனிடமே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் எறிதல் பயிற்சியாளராக இருந்தார். அதன்பின் தான் படித்த பள்ளியிலும் பயிற்சி கொடுத்தார்.

பக்கத்தில் போய் நிற்பது பற்றி இளவேனில் எழுதியதால் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் வழக்கையும் சேர்த்துப் படியுங்கள். 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. வாங்கி விற்கும் பொருள் அல்ல நான் என்று லீக் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் சம்பளத்தை விட்டுவிட்டு! 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்று தோற்றார். ஆட்டக்காரர்கள் தாங்களே அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1975-இல் வந்தபோது ஃப்ளட் ஆட்டத்திலேயே இல்லை. அந்த உரிமையால் பிறகு கோடிகள் சம்பாதித்தவர்கள் மற்றவர்கள்.

1970-இல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது, அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட அவருக்காக நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஓய்வுபெற்றவர்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன், கறுப்பினத்தவரைச் சேர்க்காத அந்த லீக்கின் நிறத்தடையை 1947-இல் உடைத்தவர். 1949-இல் காங்கிரஸ் குழு முன் கறுப்பினப் பாடகரும் இடதுசாரிச் செயற்பாட்டாளருமான பால் ராப்சனுக்கு எதிராகப் பேச அழைக்கப்பட்டுப் பேசியவரும் அவரே. ஃப்ளட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தபோது அவருக்கு நீரிழிவு முற்றி, கண்பார்வை மங்கிவிட்டிருந்தது.